வேலியோரத்துக் கடைசி மரம்

குளிர்காலத்து கோல்ஃப் மைதானத்தைப் போல ஆளரவமற்ற இடம் வேறு கிடையாது. சுடுகாட்டுக்காவது யாராவது வந்து போவார்கள். இங்கே குழிகளில் நட்டிருந்த கொடிகளைக்கூடப் பிடுங்கி அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஒரு சின்னப் பந்தைச் சின்னக் குழிக்குள் தள்ளுவதற்கு ஒரு ஊரையே குடிவைக்கிற அளவு நிலம் எதற்கு என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். யாரும் பதில் சொன்னதில்லை. ஏனென்றால் நான் கேட்பது மரத்தின் மேலிருந்து, எனக்கு நானே.

ஆடுகிறவர்கள் போன பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு இங்கே வேலை. இலை உதிர்ந்து நிற்கிற மரத்தில் எந்தக் கிளை செத்தது, எது எதோடு உரசுகிறது என்பது பளிச்சென்று தெரியும். தரையும் இறுகிக் கிடக்கும், டிராக்டர் போனாலும் புல் பெயராது. கிளை கழிக்க வேண்டிய மரத்துக்கு வெள்ளை வளையம், அடியோடு எடுக்க வேண்டியதற்குச் சிவப்பில் பெருக்கல் குறி. இந்தக் குறிகளைப் போடுகிறவரை நாங்கள் புல்லுக்காரர் என்போம். மைதானத்துப் புல் முழுக்க அவர் பொறுப்பு. மனிதருக்கு மரம் என்றாலே ஆகாது. நிழல் விழுகிறது, வேர் தண்ணீரைக் குடிக்கிறது, குப்பை கொட்டுகிறது என்று மாமியார் மருமகளைக் குறை சொல்கிற மாதிரி அடுக்கிக்கொண்டே போவார்.

அந்த வருடம் அவர் கண்ணில் பட்டது கிழக்கு வேலியோரம் நின்ற ஊசியிலை மர வரிசை. வேலிக்கு இந்தப் பக்கம், ஒரு குழியைச் சுற்றி ஒட்டச் சிரைத்த புல்தரை. குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே நகரும். அதனால் அந்த வரிசையின் நிழல் நெடுநேரம் புல்தரையின் மேலேயே படுத்துக் கிடந்தது, உறைபனி கரைய வழியே இல்லை. புல்லுக்காரர் வரிசை முழுவதற்கும் சிவப்புக் குறி போட்டுவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவில் உள்ள வீடுகளின் பின்புறங்கள். அவற்றில் ஒன்று என் மகளுடையது.

இதைத் தற்செயல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தெரிந்தேதான் போனேன்.

நான் கயிற்றில் தொங்கிக்கொண்டு மரம் வெட்டுகிறவன். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வீட்டில் ஃபோன் மணி அடித்தால் போதும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவள் அம்மாவின் முகத்தையே பார்ப்பாளாம். அம்மா நோயில் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பயம் இன்னும் முற்றிவிட்டது. கல்யாணமான கையோடு ஒருநாள் வந்து, மரமா நானா என்று முடிவு பண்ணுங்கள் என்றாள். எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பதிலுக்கு நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, என் மகளாயிற்றே. விழுந்தால் எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. அவளுக்குப் பையன் பிறந்ததுகூட என் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அக்கா ஒருத்திதான் எங்களுக்கு நடுவே தூது. இந்த மைதான வேலைக்கு முந்தின வருடம் என் முட்டி தகராறு செய்ததால், ஏறுவதை விட்டுவிட்டுக் கீழே நின்று கயிறு பிடிக்கிற ஆளானேன். அக்கா அதைச் சர்க்கரை தடவி, உனக்காகத்தான் உங்கப்பா விட்டார் என்று மகளிடம் சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்து பதில் வந்தது. குளிர் முடிந்ததும் வரச் சொல்லுங்கள், பிள்ளையைப் பார்க்கட்டும் என்று.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். என் அறை ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் ஈரத் துணி உட்கார்ந்திருக்கும். சனிக்கிழமை மாலை கடையை இழுத்து மூடிவிட்டுப் போனார்கள் என்றால் திங்கட்கிழமைவரை நான் வாயைத் திறக்க வேண்டிய வேலையே வராது. குரல் இருக்கிறதா போய்விட்டதா என்று பார்ப்பதற்காக அடுப்பைத் திட்டுவேன். அது பற்றிக்கொண்டால் பாராட்டவும் செய்வேன். தனியாக இருப்பது பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் தனியாக இருந்து பார்த்தவர்களாக இருக்க முடியாது.

குளிர் தொடங்கிய நேரத்தில், எங்களுக்காக மேலே ஏறிக்கொண்டிருந்தவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, இந்த ஒரு மைதானம் மட்டும் ஏறிக்கொடு, அதற்குள் வேறு ஆள் பார்த்துவிடுகிறேன் என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மைதானத்தின் வரைபடத்தை மேசை மேல் விரித்துவிட்டார். கிழக்கு வேலியை ஒட்டி எழுதியிருந்த தெருப் பெயர், அக்கா வாயால் நான் நூறு தடவை கேட்ட பெயர். சரி என்றேன்.

மரத்தின் மேலிருந்தால் அவள் வீடு தெரியும், ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும், ஊசியிலை அடர்த்தியில் நான் இருப்பது அவளுக்குத் தெரியவா போகிறது என்று கணக்குப் போட்டேன். நான் வெட்டப் போவதே அந்த மறைவைத்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. இத்தனை வருடம் மரம் வெட்டியவனுக்கு, வெட்டினால் வெளிச்சம் வரும் என்று தெரியாமல் போனது.

எனக்குக் கயிறு பிடிக்க வந்தவனுக்குப் பெயர் பீப்பாய். அவன் ஏறினால் மரத்தை வெட்ட வேண்டிய தேவையே இருக்காது, தானாக விழுந்துவிடும். நல்ல ஆள், ஆனால் வாய் ஓயாது. தன் வயிற்றைப் பற்றியும் தன் மச்சானைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பான். இரண்டுமே அவனுக்குத் தொல்லை.

மற்ற மரங்களை எல்லாம் முடித்துவிட்டு வேலியோர வரிசைக்குக் கடைசியாக வந்தோம். வீடுகளுக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்கிற மரத்தை அடியில் அறுத்துச் சாய்க்க முடியாது. உச்சிவரை ஏறி, மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் அறுக்கும் முன்பே கயிற்றில் கட்டிவிட வேண்டும். கயிறு மேலே ஒரு கப்பி வழியாகக் கீழே போகும். அதைப் பீப்பாய் அடிமரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறக்குவான். ரம்பச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது என்பதால் எல்லாம் கைச் சைகைதான்.

முதல் மரத்தின் உச்சியிலிருந்தே அவளைப் பார்த்துவிட்டேன். வரிசையின் மறுகோடிக்கு நேர் எதிரே இருந்த வீட்டின் சமையலறை ஜன்னல். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முடியை வெட்டியிருந்தாள். பிள்ளைக்கு என் பக்கம் முதுகு. ஒரு நீலத் தொப்பியும் ஒரு கையும்தான் தெரிந்தன. அந்தக் கை எதையோ ஜன்னல் திண்டில் தட்டிக்கொண்டே இருந்தது. கெட்டிலிலிருந்து எழுந்த ஆவியில் கண்ணாடி மங்கிப் போனது. அவள் முழங்கையால் துடைத்தாள். நான் ரம்பத்தை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலேயே குடித்தனம் நடத்துவதாக உத்தேசமா என்று பீப்பாய் கீழிருந்து கத்தியபோதுதான் எனக்குக் குளிரே தெரிந்தது.

ஒரு தடவை பார்த்தால் போதும் என்று வந்தவன் தினமும் பார்த்தேன். காலையில் மாப்பிள்ளை வேலைக்குப் போகிற சத்தம், பிறகு அவள் துணி காயப்போடுவது, உறைந்து விறைத்துப்போன துணியை எடுத்து உதறுவது, தனியாகச் சாப்பிடுவது. அவளும் பகல் முழுக்கத் தனியாகத்தான் இருந்தாள். அது எனக்குத் தெரியாது. கல்யாணம் ஆனவர்கள் எல்லாரும் கலகலவென்று இருப்பார்கள் என்று நானாக நினைத்து வைத்திருந்தேன். பிள்ளையின் முகம் மட்டும் எனக்கு அகப்படவே இல்லை. தொப்பியோ, அவள் தோளோ, ஜன்னலில் படிந்த ஆவியோ ஏதாவது ஒன்று குறுக்கே வந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு மரமும் போகப் போக வெளிச்சம் அந்த வீட்டை நோக்கி நகர்ந்தது. புல்லுக்காரர் தினமும் வந்து, பனி கரைந்த இடத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோய் நிற்பார். கடைசியில் ஒரே ஒரு மரம் மிஞ்சியது. அது அவள் சமையலறைக்கு நேர் எதிரே நின்றது.

அன்றைக்கு வேலை முடிகிற நேரம். அடிக்கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து ரம்பச் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "ஏங்க" என்று குரல் வந்தது. என் மகளின் குரல். நல்லவேளை, ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முகத்துக்கு முன்னால் கம்பிவலை, மூக்குவரை மஃப்ளர். எழுந்து நடந்தால் நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பீப்பாய்தான் வேலிக்குப் போனான். அந்த ஒரு மரத்தையாவது விட்டுவைக்கக் கூடாதா என்று அவள் கேட்டாள். அதுவும் போய்விட்டால் ஆடுகிறவர்கள் எல்லாரும் என் சமையலறையைப் பார்த்துக்கொண்டுதான் ஆடுவார்கள், பந்து வேறு வந்து விழும், பிள்ளை விளையாடுகிற இடம் என்றாள். நியாயமான பேச்சு. பீப்பாய், அதெல்லாம் புல்லுக்காரர் கையில் இருக்கிறது என்று கையை விரித்தான். அவள் அவனைத் தாண்டி என்னைப் பார்த்து, அந்தப் பெரியவரிடம் கேட்கலாமா என்றாள். பீப்பாய் திரும்பினான். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன்.

பொய் சொல்வதில் பீப்பாய்க்கு நிகர் கிடையாது. கண்ணிமைக்கவில்லை.

"அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்க. சத்தமே வரமாட்டேங்குது. எங்களுக்கெல்லாம் ஒரே நிம்மதி."

சொல்லிவிட்டு டிராக்டரைக் கொண்டுவரப் போய்விட்டான். அவள் போகவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். பேச ஆள் கிடைக்காதவர்கள் நிற்பார்களே, அந்த மாதிரி நின்றாள். எனக்கு அந்த நிற்பு நன்றாகத் தெரியும்.

இந்த வயதில் மேலே ஏறுகிறீர்களே, வீட்டில் ஒன்றும் சொல்லமாட்டார்களா என்று கேட்டாள். நான் அரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பாவும் இந்த வேலைதான் பாத்தாரு. இப்ப விட்டுட்டாரு. யாரு சொன்னாலும் கேக்காத மனுஷன், எனக்காக விட்டுட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, சிரித்தாள். "குளிர் முடிஞ்சதும் வர்றாரு. பின்னாடி ரூமைக் காலி பண்ணிட்டிருக்கேன். பேரனைப் பாக்கத்தான் வரச் சொல்லியிருக்கேன், ஆனா வந்தா திரும்பிப் போக விடறதா இல்ல. அவர்கிட்ட இன்னும் சொல்லல."

அரம் என் கட்டைவிரலைக் கிழித்தது. கையுறைக்குள் ஈரமானது.

அந்தக் கணத்தில் ஹெல்மெட்டைக் கழற்றியிருக்கலாம். கழற்றி, நான்தான் பட்டாணி என்று சொல்லியிருக்கலாம். பட்டாணி என்பது நான் மட்டும் அவளைக் கூப்பிடுகிற பெயர், பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். ஆனால் நான் உட்கார்ந்திருந்தது நானே வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மேல், இடுப்பில் மரம் ஏறுகிற வார், காலில் மரத்தைக் குத்தி ஏறுகிற இரும்பு முள். எதைச் சொல்லி எதை மறைப்பது? தலையை மட்டும் ஆட்டினேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

டிராக்டரோடு திரும்பி வந்த பீப்பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யார் அது என்றான். மகள் என்றேன். அவன் அதற்கப்புறம் வயிற்றைப் பற்றிக்கூட ஒன்றும் பேசவில்லை.

அன்று இரவு முழுக்க மனசால் அந்தப் பின்னறையில்தான் இருந்தேன். அது எந்தப் பக்கம் பார்த்த அறை, ஜன்னல் உண்டா, பிள்ளை அழுதால் கேட்குமா. இரண்டாவது நாற்காலியிலிருந்து துணியை எடுத்து மடித்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. ஒரு முடிவுக்கும் வந்தேன். காலையில் அவள் பின்கதவைத் திறக்கும் முன்பே போய்க் கடைசி மரத்தின் வீட்டுப் பக்கத்துக் கிளைகளை இறக்கிவிட வேண்டும். மிச்சத்தை மைதானத்துப் பக்கமிருந்தே முடித்துவிடலாம். பிறகு முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கயிறு பிடிக்கிற வேலைக்கே திரும்பிவிட்டால் ஆயிற்று. குளிர் முடிந்து நான் அவள் வாசலில் நிற்கும்போது அக்கா சொன்னது உண்மையாகிவிடும். பொய்யை உண்மையாக்கக் கொஞ்சம் அவகாசம்தான் தேவை என்று நினைத்தேன்.

காலையில் கடும் பனி. புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று நொறுங்கிக் கிடந்தது. பனியில் வழுக்கிய டிராக்டர் சக்கரத்துக்குப் பலகை போட்டுக்கொண்டு பீப்பாய் தூரத்தில் இருந்தான். கயிறும் கப்பியும் அவனோடு டிராக்டரில் இருந்தன. கயிறு பிடிக்கிற ஆள் கீழே இல்லாமல் வேலிப் பக்கத்துக் கிளையில் ரம்பம் வைக்கக் கூடாது. இந்தத் தொழிலில் முதலில் சொல்லித்தருவதே இதுதான், நானே எத்தனையோ பேருக்குச் சொல்லித்தந்திருக்கிறேன். நான் ஏறினேன். சின்னக் கிளைகளை அறுத்துக் கையாலேயே மைதானத்துப் பக்கம் எறிந்தேன். பெரிய கிளை ஒன்று வீட்டுப் பக்கமாக நீண்டிருந்தது. முழுக்க அறுக்காமல் ஒரு விரற்கடை விட்டுவைத்தால், அறுபடாத அந்த மிச்சத்தில் தொங்கி மெல்லத் திரும்பி இந்தப் பக்கம் வந்துவிடும். நூறு முறை செய்ததுதான். ஆனால் அதெல்லாம் ஈர மரத்தில். உறைந்த மரம் வளையாது, பீங்கான் மாதிரி படக்கென்று போகும். அது எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் தெரிந்தது எதுவும் உதவிக்கு வருவதில்லை.

ரம்பத்தை அணைத்துக் கிளையைத் தள்ளப் போனபோது பின்கதவு திறந்தது. ஒரு இடுப்பில் பிள்ளை, மறு கையில் மூடி போட்ட டம்ளர். தொண்டை கட்டிய பெரியவருக்குச் சூடாக ஏதோ கொண்டுவருகிறாள். என்னைப் பார்த்து டம்ளரைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நேராக மரத்தடிக்கு, வேலியை நோக்கி நடந்தாள்.

கிளை என் கைக்குக் கீழே முறிந்தது.

"பட்டாணி! பின்னாடி போ!"

அந்தப் பெயரைக் கேட்டதால் ஓடினாளா, குரலைக் கேட்டதாலா என்று எனக்குத் தெரியாது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்வரை பின்னால் போனாள். கிளை துணிக்கொடியை அறுத்துக்கொண்டு, அவள் நடந்துவந்த வழியில் நீளவாக்கில் விழுந்தது. டம்ளர் எங்கேயோ உருண்டு போனது. ஊசியிலைத் தூள் நெடுநேரம் கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை அழவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் கம்பிவலையைத் தூக்கிவிட்டு மஃப்ளரை இறக்கினேன். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது.

"நேத்து நான் பேசினதெல்லாம் நீங்கதான் கேட்டுட்டிருந்தீங்களா?"

ஆமாம் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அதைக் கேட்டுட்டு, இன்னிக்கு மறுபடியும் ஏறியிருக்கீங்க."

"இது கடைசி மரம்மா."

"உங்களுக்கு எப்பவும் அது கடைசி மரம்தான்பா." சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஏதாவது செய்திருப்பேன். "குளிர் முடிஞ்சு வர வேண்டாம். அத்தைகிட்ட நானே சொல்லிக்கறேன்."

பீப்பாய் மூச்சு வாங்க ஓடிவந்தான். வந்ததும் அவன் பார்த்தது அவளையோ என்னையோ அல்ல, மரத்தை. கிளை முறிந்த இடத்தில் தண்டு நீளமாகக் கிழிந்திருந்தது. அதற்கு மேலே இருந்த உச்சி முழுவதும் வீட்டுப் பக்கம் சாய்ந்து, கிழிந்த தண்டின் பலத்தில் நின்றுகொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. கொஞ்சம் காற்று அடித்தாலும் அவள் கூரை மேல்தான் வரும். பீப்பாய் ஏற முடியாது. வேறு ஆள் இல்லை. நான்தான் மேலே போயாக வேண்டும், அதுவும் கிழிசலுக்கு மேலே. தண்டு மேலும் பிளக்காமலிருக்க அதைச் சுற்றி வார் போட்டு இறுக்கச் சொன்னான் பீப்பாய். இறுக்கினேன். அவன் டிராக்டரிலிருந்து எடுத்துவந்து மேலே அனுப்பிய கப்பியையும் கயிற்றையும் மாட்டினேன்.

உள்ளே போய்விடும்படி அவளிடம் சொன்னேன். வீட்டின் தெருப்பக்க மூலைக்கு, எதுவும் எட்டாத தூரத்துக்குப் போனாள். உள்ளே போகவில்லை. அங்கிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பீப்பாயிடம்தான் சொன்னாள்.

"அவரு கால் தரையில பட்டதும் ஒரு குரல் குடுங்க."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நெற்றியைச் சுவரில் வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன். பிள்ளை அவள் தோளின் மேல் தாடையை வைத்து, நேராக என்னைப் பார்த்தது.

அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தேன். நடுவே ஆவி இல்லை, இலை இல்லை, ஒன்றும் இல்லை. குளிரில் சிவந்த மூக்கு. என் மனைவியின் அகலக் கண். மரத்தின் மேல் ஒரு ஆள் தொங்குவதைப் போல வேடிக்கை அதற்கு இதுவரை கிடைத்திருக்காது போல, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. மரத்தின் மேல் அழுதால் கண்ணை மறைக்கும், அதனால் அடக்கிக்கொண்டேன்.

கிழிசலைத் தாண்டி ஏறினேன். உச்சியைக் கட்டினேன், அறுத்தேன், பீப்பாய் தாங்கினான். மரம் குலுங்கியபோது அவள் தோள் சுருங்கியது, ஆனால் திரும்பவில்லை. அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு. ஒரு கையில் ரம்பம், மறு கையால் தண்டைப் பிடித்தபடி ஒவ்வொன்றாக இறக்கினேன்.

நடுவில் ஒரு பெரிய துண்டு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோது பிள்ளை அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து எனக்கு டாட்டா காட்டியது. யார் கற்றுக்கொடுத்தார்களோ, விரல்களை மூடி மூடித் திறந்தது. எங்கள் வேலையில் கையைத் தூக்கி விரித்தால் கயிற்றை விடு என்று அர்த்தம். நான் தூக்கினால் பீப்பாய் விட்டுவிடுவான், அவன் கண் என் கையைத் தவிர வேறெதையும் பார்க்காது. துண்டு வேலி மேல்தான் போய் விழும். நான் தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை காட்டிக்கொண்டே இருந்தது. பதில் வராததைப் பற்றி அதற்குக் கவலை இல்லை போலிருந்தது. பிறகு கை ஓய்ந்து, அம்மாவின் காலரைப் பிடித்துக்கொண்டது.

வெறும் மொட்டைத் தண்டு மட்டும் மிஞ்சியதும் இறங்கினேன். முட்டி வலித்தது. கடைசியில் பூட்ஸ் உறைந்த தரையில் பட்டது.

"இறங்கிட்டாருங்க" என்றான் பீப்பாய்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நீண்ட மூச்சு விட்டாள். தோள் தளர்ந்தது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. சுவரோரமாகவே நடந்து, விழுந்து கிடந்த கிளையைச் சுற்றிக்கொண்டு பின்கதவுக்குப் போனாள். பிள்ளை மட்டும் கடைசிவரை என் பக்கமே கழுத்தைத் திருப்பி வைத்திருந்தது. கதவு சாத்திய சத்தம் மைதானத்தில் நன்றாகக் கேட்டது.

நான் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கி, விரல்களை மூடி மூடித் திறந்தேன். பீப்பாய் என் கையைப் பார்த்ததும், பழக்கதோஷத்தில், பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டான்.